தண்டம் விதித்த சபைக்கு ஒரு குடிப்பெண்ணின் மடல்

கோயில் அறங்காவலரான அன்புள்ள வண்ணக்கர் மாமாவுக்கும் பரிபாலன சபை அங்கத்தவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். போன கிழமை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் நம்முடைய கண்ணகி அம்மன் கோயில் மதிலில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்தேன். சடங்கு நாட்களில் சிரமதானத்துக்கும் இரவுக் காவலுக்கும் வராத இளைஞர்களின் குடும்பம் தண்டம் கட்ட வேண்டும். கட்டாத வீட்டுக்குக் காளாஞ்சி, அதாவது கோயில் மரியாதையாகக் கொடுக்கும் பிரசாதம், இல்லை. ஊர் எல்லையில் மதமாற்றிகள் உள்ளே வரக்கூடாது என்று பலகை நடப்படும். அடுத்த வருடம் பாலஸ்தாபனம் செய்து (திருப்பணிக்காகத் தெய்வத்தைத் தற்காலிக இடத்துக்கு மாற்றி) கோயில் ஆகம முறைக்கு மாற்றப்படும். கீழே மூன்று கையொப்பம், ஒரு றப்பர் முத்திரை.

நேரில் வந்து கதைத்திருக்கலாமே என்பீர்கள். வந்தேன் மாமா. கூட்டம் நடந்த அன்று மடப்பள்ளிப் பக்கமாக நின்றேன். "பொம்பிளைகளுக்குப் பொதுக்கூட்டத்தில பேச்சு இல்ல மகள், எழுதித் தாங்க, வாசிக்கிறம்" என்றார் செயலாளர். சரி, எழுதுகிறேன். ஆனால் மூடிய கடிதமாக எழுதினால் அது அலுமாரிக்குள் போய்விடும் என்று தெரியும். ஊரும் வாசிக்கட்டும், சுவிசிலும் கனடாவிலும் இருந்து கோபுரத்துக்குக் காசு அனுப்புகிறவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் திறந்தே எழுதுகிறேன்.

அன்று தலைவர் சொன்ன ஒரு கதையில் இருந்து தொடங்குகிறேன். மகனைப் பார்க்க லண்டன் போய் வந்தவர் அவர். அங்கே தேவாலயங்களை விற்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாலு கிழவிகள்தான் இருக்கிறார்களாம். "இண்டைக்கு அங்க நடக்கிறது நாளைக்கு இங்க நடக்கும். அதுக்கு முதல் நாம கட்டுப்பாடு போடணும்" என்றார். கூட்டமே தலையாட்டியது. எனக்கும் முதலில் தலையாட்டத்தான் தோன்றியது. அவர் சொன்னதில் பொய் இல்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 கணக்கெடுப்பில் தங்களைக் கிறித்தவர் என்று சொன்னவர்கள் 46 வீதம்தான், பாதிக்கும் கீழே. மதம் எதுவும் இல்லை என்றவர்கள் 37 வீதம். விற்ற தேவாலயங்களில் சில இன்று இந்துக் கோயிலாகவும் பள்ளிவாசலாகவும் இருக்கின்றன என்பதையும் தலைவர் சொல்லியிருக்கலாம்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். ஒரு காலத்தில் அந்தப் பாடத்தில் தலைவர் சொன்னதைத்தான் சொல்லித் தந்தார்கள். படிப்பும் தொழிற்சாலையும் நகரமும் வர வர மதம் தேய்ந்துபோகும் என்றார்கள். பீற்றர் பேர்கர் என்ற சமூகவியலாளர் 1967இல் இதை மிக அழகாக எழுதினார். மதம் என்பது ஒரு சமூகம் தன் தலைக்கு மேல் கட்டிக்கொள்ளும் பந்தல் என்றார். ஒரே ஊரில் பல பந்தல்கள் வந்துவிட்டால் எந்தப் பந்தலும் பழையபடி முழு வானமாகத் தெரியாது. அதே மனிதர் 1999இல், நாங்கள் சொன்னது பிழை, உலகம் முன்பு போலவே மதத்தோடுதான் இருக்கிறது, சில இடங்களில் இன்னும் கூடுதலாக, என்று எழுதினார். ஈரானில் 1979இல் நடந்ததையும் போலந்தில் தொழிலாளர் சங்கத்தோடு தேவாலயம் நின்றதையும் பார்த்தபிறகு பழைய கதையை அப்படியே சொல்லப் பலருக்கு மனம் வரவில்லை. தன் பிழையைத் தானே எழுதிய பேராசிரியர்கள் குறைவு. நம்முடைய சபைக்கும் அந்தக் குணம் கொஞ்சம் வரட்டும் என்று அம்மாளை வேண்டிக்கொள்கிறேன், கோபிக்க வேண்டாம்.

இந்த விசயத்துக்குத் தமிழில் சரியான சொல் இல்லாததும் ஒரு வில்லங்கம். மதச்சார்பின்மை என்றால் அரசாங்கம் எந்த மதத்தின் பக்கமும் நிற்காமல் இருப்பது. வாழ்க்கையில் மதத்தின் பிடி தளர்வது வேறு. பாடப்புத்தகக்காரர்கள் அதை உலகியல்மயமாதல் என்பார்கள். நாம் இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லி, இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பயப்படுகிறோம்.

அந்த இரண்டாவதுக்குள்ளும் மூன்று இருக்கின்றன என்று 1994இல் பிரித்துக் காட்டியவர் ஹோசே கசனோவா என்ற சமூகவியலாளர். நீதிமன்றம், வைத்தியம், படிப்பு என்று ஒவ்வொன்றாக மதத்தின் கையை விட்டுக் கழன்று போவது ஒன்று. ஆட்களின் நம்பிக்கை குறைவது இன்னொன்று. மதம் வீட்டுக்குள் மட்டும் ஒடுங்கிவிடுவது மூன்றாவது. ஒன்று நடந்தால் மற்ற இரண்டும் நடந்தே ஆகவேண்டும் என்று இல்லை என்பதுதான் அவர் சொன்ன முக்கியமான விசயம். இந்தப் பிரிப்பை வைத்துக்கொண்டு நம்முடைய கோயிலைப் பார்த்தால்தான் அறிவித்தலில் என்ன பிழை என்று தெரியும்.

மாமா, உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். அம்மம்மா காலத்தில் மாடு காணாமல் போனால் பொலிசுக்குப் போவதில்லை. கோயில் முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். களவெடுத்தவன் அந்தக் கற்பூரத்தைப் பார்த்தே நடுங்குவான். காணிச் சண்டையா, கல்யாணப் பேச்சா, வண்ணக்கர் திண்ணையில் முடிந்துவிடும். கூத்துக்களரி கோயில் வீதியில்தான். வடமோடியா தென்மோடியா என்று ஊரே இரண்டுபடும். ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பாதை என்கிற மிதவைப் படகு வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். மண்முனையில் பாலம் திறந்ததே 2014இல்தானே. ஆகவே காய்ச்சல், கண்நோய், அம்மாள் வருத்தம் என்கிற அம்மை எல்லாவற்றுக்கும் வேப்பிலையும், அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கின் தண்ணீரும். ஆக, கோயில் கோயிலாக மட்டும் இருக்கவில்லை. நீதிமன்றமும் மருத்துவமனையும் அரங்கமும் அங்கேதான் இருந்தன.

இன்று மாட்டுக்குப் பொலிஸ், காணிக்குப் பிரதேச செயலகம், கூத்துக்குப் பதில் கைத்தொலைபேசி. கசனோவா சொன்ன முதலாவது நமக்கு நூற்றுக்கு நூறு நடந்துவிட்டது. இதற்கு எந்தப் பையன் மேலும் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் காணிப் பிரச்சினைக்கு நீங்களே சட்டத்தரணியிடம்தான் போனீர்கள்.

ஆனால் நம்பிக்கை? பெரியம்மையைப் பாருங்கள். அந்த நோய் உலகத்தில் இருந்தே ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. பழைய சமூகவியல் சரியாக இருந்திருந்தால் அம்மன் கோயில்கள் அதோடு பாழடைந்திருக்க வேண்டும். வெப்ப நோய் தணிக்கத்தானே குளிர்த்தி? நோய் போய்விட்டது, குளிர்த்தி போகவில்லை. போன வைகாசியில் குளிர்த்தி இரவு நீங்கள் ஒலிபெருக்கியில் "தயவு செய்து தள்ளாதீங்க, பிள்ளைகளைப் பிடியுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினீர்களே, நினைவிருக்கிறதா? மதம் அழிகிற ஊரில் அப்படி நெரிசல் வருமா?

இந்த இடத்தில் சின்னம்மாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1990இல் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போன அவவுடைய மூத்த மகன் இன்றுவரை வரவில்லை. அந்த வருடச் சடங்குகளிலும் அதற்குப் பிந்திய சடங்குகளிலும் தெய்வம் உருவேறிய தேவாதி ஆடும்போது, முன்னால் நின்றவர்களில் பாதிப்பேர் தாய்மார்தான். நோய் கேட்கவில்லை, கல்யாணம் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறானா என்று கேட்டார்கள். மேற்குப் பக்கம் இருக்கிறான், கட்டுக்காவலில் இருக்கிறான் என்று சின்னம்மாவுக்கு வாக்கு வந்தது. "அம்மாள் சொன்னா கா" என்று வருடக்கணக்காக ஒரு கோப்பை சோறு எடுத்து வைத்தா. நம்முடைய மாவட்டத்தில் போர்க் காலத்தில் நடந்த இந்த வாக்குக் கேட்டலைப் பற்றி பற்றீசியா லோரன்ஸ் என்ற மானிடவியலாளர் எழுதியிருக்கிறார். வெளியில் வாய் திறக்க முடியாத காலத்தில், நடந்ததை நடந்தது என்று சத்தமாகச் சொல்லி அழ முடிந்த இடம் அம்மன் முற்றம்தான் என்பதை அவர் கவனித்தார். சின்னம்மா பிறகு எத்தனையோ விசாரணைகளுக்கு முன் போய்ச் சாட்சி சொன்னா. அங்கே தந்த துண்டுகளும் கோயில் விபூதிப் பொட்டலமும் ஒரே பிஸ்கட் பேணிக்குள் இருக்கின்றன. ஆபத்தும் நிச்சயமின்மையும் கூடிய இடத்தில் மதம் தேயாது என்று நொறிஸ், இங்கிள்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004இல் பல நாட்டுத் தரவுகளை வைத்து எழுதினார்கள். அதே வருடம் டிசம்பர் 26இல் கடல் வந்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், தங்கள் கோயில் மணலில் புதைந்துபோன ஊரவர்கள் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். அந்தப் புத்தகத்தை நான் வாசித்தபோது புதிதாக ஒன்றும் இருக்கவில்லை.

ஆகவே தேய்ந்தது எது? இனி என் மகனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அறிவித்தலில் பெயர் இல்லாவிட்டாலும் தண்டம் கட்ட வேண்டியவர்களில் அவனும் ஒருவன்.

அவன் காவலுக்கு வரவில்லை. உண்மை. பரீட்சை இருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், படுத்துக் கிடந்தான். ஆனால் அடுத்த மாதமே ஒன்பது பேராகச் சேர்ந்து கதிர்காமத்துக்கு நடந்தார்கள். பொத்துவில், பாணமை, உகந்தை, பிறகு குமுக்கன் ஆற்றைக் கடந்து யால காட்டுக்குள் நாலைந்து நாள். காலெல்லாம் கொப்புளம். வழியில் அன்னதானம் கொடுத்தவர்கள் யார், என்ன சாதி, என்ன குடி என்று ஒருவரும் கேட்கவில்லையாம். வந்ததும் நான் கேட்டேன், "உனக்குத்தான் சாமி நம்பிக்கை இல்லையே, பிறகு ஏன் போனாய்?" அவன் சொன்ன பதில்: "நம்பிக்கை எண்டு ஒண்டும் இல்லம்மா. நடக்கணும் போல இருந்திச்சு. திரும்பி வர அழுகை வந்திச்சு." இதை எந்தப் பெட்டிக்குள் போடுவது? நாத்திகமா, பக்தியா? குடிசன மதிப்பீட்டு அட்டவணையில் பௌத்தம், இந்து, இஸ்லாம், ரோமன் கத்தோலிக்கம், ஏனைய கிறித்தவம், ஏனையவை என்று பெட்டிகள் இருக்கின்றன. அவன் பேசாமல் இந்து என்று போட்டுவிடுவான்.

இங்கிலாந்தைப் பற்றி கிரேஸ் டேவி என்ற சமூகவியலாளர் எழுதினார், அங்கே ஆட்கள் நம்புகிறார்கள், ஆனால் எதிலும் சேர்ந்து இருப்பதில்லை என்று. சுவீடனில் இதற்குத் தலைகீழ். அங்கே 2000ஆம் ஆண்டில் தேவாலயத்தை அரசில் இருந்து பிரித்துவிட்டார்கள். கடவுள் இருக்கிறார் என்று அடித்துச் சொல்கிறவர்கள் குறைவு. ஆனாலும் சனத்தொகையில் பாதியளவு பேர் இன்னும் அங்கத்துவக் கட்டணம் கட்டிக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம், பெற்றவர்களுக்கு அடக்கம், இவற்றுக்காகவாவது தேவாலயம் வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்றால் ஒரு படிவம் நிரப்பி வெளியேறலாம்.

நமக்குப் படிவமே இல்லையே மாமா! குடி என்கிற குலம் வயிற்றுவாரில், தாய்வழியில், வருவது. அம்மாவின் குடி எனக்கு, என் குடி என் மகனுக்கு. அவன் நம்பினாலும் நம்பாவிட்டாலும் நம்முடைய குடிக்காரன். உங்களுக்குப் பிறகு வண்ணக்கராக வரவேண்டியவன் உங்கள் மகன் இல்லை, உங்கள் தங்கச்சி வயிற்றுப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். நம்முடைய முன்னோர் ஒருவனைப் பார்த்து, நீ நம்புகிறாயா என்று கேட்டே குடிக்குள் எடுக்கவில்லை. நீ யாருடைய வயிற்றில் பிறந்தாய் என்றுதான் கேட்டார்கள். நம்பாதவனுக்கும் காளாஞ்சி கொடுத்த முறை இது. உலகத்தில் பெரிய பெரிய மதங்களால் செய்ய முடியாததை இந்தப் படுவான்கரை முறை சும்மா செய்துகொண்டிருந்தது. இப்போது நீங்கள் அதற்குத் தண்டம் போட்டு, வருகிறவன் உள்ளே, வராதவன் வெளியே என்று கோடு கீறுகிறீர்கள். இது கழகத்துக்கு அங்கத்தவர் சேர்க்கிற முறை. உலகியல்மயமாதல் என்று ஒன்று நம்முடைய ஊரில் நடக்கிறது என்றால், அதை நடத்துகிறது கதிர்காமத்துக்கு நடந்த பையன்கள் இல்லை, றப்பர் முத்திரை வைத்திருக்கிற சபைதான்.

குடி பெண்ணால் வருகிறது, ஆனால் அந்தக் குடிக்காகப் பேச பெண்ணை விடமாட்டார்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன். இதற்கு ஆகமத்தில் பதில் தேட வேண்டாம், செயலாளரிடம் கேட்டாலே போதும்.

ஆகமம் என்றதும் நாலாவது தீர்மானத்துக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் மனம் அதிகம் வலித்தது.

நம்முடைய கோயில் கதவு வருடத்தில் ஒரு கிழமைதான் திறக்கும். மற்ற நாளெல்லாம் ஆலமரமும் பூட்டிய கதவும்தான். சின்ன வயதில் அந்தப் பூட்டைத் தொடவே பயம். வைகாசியில் கதவு திறக்கிற இரவு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் கப்புகனார் உள்ளே போவார். மந்திரம் ஒன்றும் கேட்காது. வெளியில் பறைமேளம், உடுக்கு, கண்ணகி கதையைப் பாடும் வழக்குரை படிக்கிறவர்களின் இழுத்த குரல். ஊர் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். புனிதம் என்றால் சாதாரண நாட்களில் இருந்து பிரித்து, தொடாமல் வைத்திருக்கிற ஒன்று என்று டேர்க்கைம் என்ற சமூகவியலாளர் 1912இல் எழுதினார். சனம் கூடி ஒரே மூச்சாக நிற்கிற அந்தப் பொழுதில்தான் ஒரு சமூகம் தன்னைத் தானே உணர்கிறது என்றார். அவர் பிரான்சில் இருந்துகொண்டு அவுஸ்திரேலியப் பழங்குடிகளைப் பற்றி வாசித்து எழுதினார். நம்முடைய கதவு திறப்பைப் பார்த்திருந்தால் இரண்டு அத்தியாயம் கூட எழுதியிருப்பார்.

ஆகம முறை வந்தால் தினம் மூன்று நேரப் பூசை. கதவு எப்போதும் திறந்திருக்கும். அர்ச்சனைத் துண்டு, சிறப்பு வழிபாட்டுக்கு ஒரு விலைப்பட்டியல், வெளியூர் ஐயாவுக்கு மாதச் சம்பளம். கப்புகனார்? அவருக்கு ஒரு பொன்னாடை. யாழ்ப்பாணத்தில் இது எப்போதோ நடந்து முடிந்தது. ஆறுமுக நாவலர் காலத்துச் சைவச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அங்கே எத்தனையோ கண்ணகி கோயில்கள் ராஜராஜேஸ்வரியாகவும் புவனேஸ்வரியாகவும் பெயர் மாறின. உயர்ந்தவர்களின் முறையைப் பின்பற்றித் தாங்களும் உயரப் பார்ப்பதற்கு சிறீனிவாஸ் என்ற இந்தியச் சமூகவியலாளர் சமஸ்கிருதமயமாதல் என்று பெயர் வைத்தார். நான் நாவலரைக் குறை சொல்ல வரவில்லை, அவர் மிசனரிமாருக்குப் பதில் சொல்ல வேண்டிய காலத்தில் இருந்தார். நாம் யாருக்குப் பதில் சொல்கிறோம்? சுவிசில் கோபுரம் பார்த்துவிட்டு வந்து, நம்முடைய கோயில் ஏன் கொட்டில் மாதிரி இருக்கிறது என்று கேட்ட நாலு பேருக்கா?

மக்ஸ் வேபர் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் 1917இல் மியூனிக்கில் மாணவர்களுக்குப் பேசியபோது, நம்முடைய காலத்தின் விதி உலகத்தை விட்டு மந்திரம் கழன்று போவது என்றார். மட்டக்களப்புக்கு வந்தால் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் பயந்த மண்ணில் இருந்துகொண்டு இதை வாசிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வேபர் இன்னொன்றும் காட்டினார். மந்திரத்தை முதலில் கழற்றியது விஞ்ஞானிகள் இல்லை, மதத்தை ஒழுங்குபடுத்த வந்த பக்திமான்கள்தான். சடங்கு மூடநம்பிக்கை, சாமியாடுவது அநாகரிகம், நூலில் உள்ளதுதான் சரி என்று அவர்கள் ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள். துடைத்து முடிக்கிறபோது சுவர் வெள்ளையாக இருந்தது, கும்பிட ஒன்றும் இருக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் முஸ்லிம் ஊர்களிலும் இதே கதைதான். குடிக்கொரு மரைக்காயர் என்று நிர்வாகி இருந்த பள்ளிவாசல்களில் நிர்வாகம் மாறியது, ஸியாரம் என்கிற பெரியார் அடக்கத்தலத்தில் கொடியேற்றம் சரியா பிழையா என்று தகப்பனும் மகனும் கதைக்காமல் போனார்கள். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு அம்மம்மா நேர்த்திக்கடன் கொண்டுபோவா. என் பிள்ளைகளுக்கு அந்த இடம் எங்கே என்றே தெரியாது.

இனிப் பலகை. இதை நான் நீட்டப் போவதில்லை. கிழக்கு வளவு வீட்டுப் பிள்ளை கிறித்தவச் சபைக்குப் போகிறாள் என்பதால்தானே இவ்வளவும்? புருசன் குடித்துவிட்டு அடித்த காலத்தில் அவளுடைய வீட்டுப் படலையைத் திறந்து நம்மில் யார் போனோம்? நம்முடைய ஆட்கள் வருடத்துக்கு ஒரு தரம் போனார்கள், கோயில் வரித் துண்டோடு. அந்தக் கிறித்தவச் சபைக்காரர்கள் புதன்கிழமை தோறும் போனார்கள். அரிசி கொண்டுபோனார்கள், பக்கத்தில் இருந்து செபித்தார்கள், மூத்த பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் நம்முடைய கடவுள்களைப் பேய் என்று சொல்வது எனக்கும் கொதிக்கிறது. அவளிடமே சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் அவள் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை: "அக்கா, அம்மாள் என்னை விட்டுட்டா எண்டு நான் சொல்லல்ல. ஊர்தான் விட்டுட்டுது." அவள் இன்னும் ஆயித்தியமலை மாதாவிடமும் போகிறாள், குளிர்த்தி இரவு தூரத்தில் நின்று கைகூப்புவதையும் நான் கண்டேன். பலகை இவளைத் தடுக்கவா?

இந்த நாட்டு அரசியல் யாப்பில் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதைப் பற்றி மேடையில் நீங்கள் பேசாத பேச்சு இல்லை. பெரும்பான்மை தன் மதத்தைச் சட்டமாக்கி மற்றவனை விருந்தாளி ஆக்கக் கூடாது என்றீர்கள். நான் கைதட்டினேன். இப்போது ஊருக்குள் நாம் பெரும்பான்மை, அதனால் நாமும் ஒரு பலகை நடுகிறோம். நாட்டுக்கு ஓர் உறுப்புரை, ஊருக்கு ஒரு பலகை. அடுத்த 10ஆம் உறுப்புரையில், தான் விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் தழுவவும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்று இருக்கிறது. அதையும் ஒரு தரம் வாசியுங்கள். வாவிக்கு அந்தப் பக்கம் 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் சின்னப் பிள்ளைகள் செத்த அன்று நம்முடைய கோயில் மணியும் அடித்தது. அந்த மணியை அடித்தவர் நீங்கள்தான் மாமா.

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. பலகையை நடவேண்டாம். தண்டத்தை எடுத்துவிடுங்கள், அதற்குப் பதிலாகப் பையன்களுக்கு ஒரு வேலையை முழுதாகக் கையில் கொடுங்கள். வழக்குரை படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள், இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. கதிர்காமத்துக்கு நடந்த அந்த ஒன்பது பேரில் மூன்று பேருக்கு நல்ல குரல். நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காமல், ஏட்டைக் கையில் கொடுத்துப் படிப்பியுங்கள். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறைத்தால் அவர்கள் குரலும் கேட்கும். ஆகமத்துக்கு மாறுவதை ஊரின் முழு வாக்குக்கு விடுங்கள், அதில் பெண்களும் கை உயர்த்தட்டும். கோபுரத்துக்கு வந்த காசின் கணக்கைக் கோயில் மதிலில் ஒட்டுங்கள். அறிவித்தல் ஒட்ட இடம் இருந்தது, கணக்குக்கும் இடம் இருக்கும்.

இத்துடன் ஓர் உறை அனுப்புகிறேன். அதில் இந்த வருடக் கோயில் வரி இருக்கிறது. தண்டப் பணம் இல்லை, அதைக் கட்ட மாட்டேன். காளாஞ்சி கிடைக்காது என்றால் பரவாயில்லை. ஆனால் வைகாசியில் நெல்லுக் குற்ற நான் வருவேன், கிழக்கு வளவுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவேன். அவளும் இந்தக் குடிதான். உலக்கை இரண்டு குறைகிறது என்று கப்புகனார் சொன்னார். ஒன்று என்னிடம் இருக்கிறது, மற்றதை உங்கள் வீட்டு மாமியிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள், உங்கள் குடியிலேயே பிறந்த ஒருத்தி
படுவான்கரை